நுண்ணங்கிகளும் நம்மீது விழும் பழியும்



பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் எங்கள் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "தாய் என்னத்தைக் குடுத்தவள்?" என்பதுதான். ஊறுகாய்ப் போத்தலில் பூஞ்சணம் பிடித்தால், "ஆர் துடக்கோடை தொட்டது?" என்று கேட்கிறார்கள். கணவனை இழந்த பெண்ணொருத்தி மாதக்கணக்கில் இருமினால், அவளுடைய விதிதான் நோயாக வந்திருக்கிறது என்று அயலில் கதை எழுகிறது. கிராமங்களுக்குப் போய்வரும் என்னைப் போன்றவர்களின் காதில் இந்த மூன்றும் அடிக்கடி விழும்.

மூன்றிலும் உண்மையான காரணி கண்ணுக்குத் தெரிவதில்லை. பெண்ணோ கண்ணுக்குத் தெரிகிறாள். ஆகவே பழி அவள்மீது விழுகிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல், விஞ்ஞானமல்ல. ஆனாலும், பழி எங்கே இருந்து வருகிறது என்று தேடிப்போனால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காரணியைப் பற்றியும் கொஞ்சம் அறிந்துகொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. எனவே இம்மாதம் நுண்ணங்கிகளைப் பற்றிப் பேசுவோம்.

நுண்ணங்கி என்றால் என்ன?

வெறும் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்குச் சிறிய உயிர்களே நுண்ணங்கிகள். பற்றீரியா, மதுவம் போன்ற பங்கசு வகைகள், மலேரியாக் கிருமி போன்ற ஒருகல உயிர்கள் எல்லாம் இதில் அடங்கும். வைரசையும் இவற்றோடு சேர்த்தே பேசுகிறோம். ஆனால் வைரசு வேறோர் உயிரின் கலத்துக்குள் புகுந்தால் மட்டுமே பெருகக்கூடியது.

எவ்வளவு சிறியவை? பிள்ளைகளின் அடிமட்டத்தில் மிகச் சிறிய இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றர். அந்த இடைவெளிக்குள் சாதாரண பற்றீரியாக்களை வரிசையாக அடுக்கினால் 500 முதல் 1,000 வரை அடங்கும். வைரசுகள் அதைவிடவும் பல மடங்கு சிறியவை.

இவற்றை முதலில் கண்டவர் ஒல்லாந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக். பல்கலைக்கழகப் படிப்பில்லாத அவர், தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையினூடாக 1674 அளவில் ஏரித் தண்ணீரைப் பார்த்தார். 1683இல் பல்லில் படிந்த அழுக்கைப் பார்த்தார். இரண்டிலும் உயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. ஆனால் இவற்றுள் சில நோயை உண்டாக்கும் என்று ஐயமின்றி நிறுவ மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன. 1882இல் ஜேர்மனிய மருத்துவர் றொபேட் கொக் காசநோய்க் கிருமியை இனங்கண்டார்.

நுண்ணங்கி என்றவுடன் நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை எமக்குத் தீங்கு செய்வதில்லை. எங்கள் உடம்பில் வாழும் பற்றீரியாக்களின் தொகை, எங்கள் உடற்கலங்களின் தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்று இப்போது கணித்திருக்கிறார்கள். தாய்ப்பாலில், பிள்ளையால் சமிபாடு அடையச் செய்ய முடியாத சில சீனி வகைகள் உண்டு. அவை பிள்ளையின் குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களுக்கான உணவு. அந்தப் பற்றீரியாக்கள் குடலில் இடம்பிடித்துக்கொண்டால் கெட்டவை குடியேறுவது கடினம். தாயின் பால் பிள்ளைக்கு மட்டுமன்றி, பிள்ளையின் காவலாளிகளுக்கும் சோறு போடுகிறது.

எங்கள் குசினியில் அவை செய்யும் வேலை

இரவு அரைத்து வைத்த தோசை மா காலையில் பொங்கி நிற்கிறது. உழுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் பற்றீரியாக்கள் மாவைப் புளிக்கச் செய்து வாயுவை வெளிவிடுவதால்தான் அது பொங்குகிறது. அப்ப மாவுக்குக் கள் விடும்போது நாங்கள் விடுவது மதுவத்தை. பாண் போறணையில் மாவைப் பொங்க வைப்பதும் அதே மதுவம்தான். பாலில் உறைமோர் விடும்போது பற்றீரியாவை விடுகிறோம். அது பாலிலுள்ள சீனியை அமிலமாக்க, பால் தயிராகிறது.

பனையில் சீவல் தொழில் செய்வோருக்கு இந்த விஞ்ஞானம் பரம்பரையாகத் தெரியும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் மதுவம் பெருக முடியாது. இனிப்பான கருப்பநீர் கிடைக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் மதுவம் சீனியை மதுவாக்கிவிடும், அதுதான் கள். ஒரே மரம், ஒரே பாளை. நுண்ணங்கிக்கு இடம் கொடுத்தோமா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

கருவாடும் ஒடியலும் மோர்மிளகாயும் பழுதாகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். நுண்ணங்கி பெருக ஈரம் வேண்டும். வெயிலும் உப்பும் அந்த ஈரத்தை எடுத்துவிடுகின்றன. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் எங்கள் அம்மம்மாமார் இவற்றை அடக்கியாண்டது இப்படித்தான்.

தேங்காய்ப்பால் விட்ட கறியில் இந்தக் காவல் இல்லை. ஈரம், சத்து, இளஞ்சூடு மூன்றும் அதில் இருக்கின்றன. வசதியான இடத்தில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். ஒன்று ஒரு மணித்தியாலத்தில் எட்டாகும்; அதே வேகத்தில் போனால் ஏழு மணித்தியாலத்தில் 20 இலட்சத்தைத் தாண்டும். மத்தியானம் வைத்த கறியை இரவில் பிள்ளைக்குக் கொடுப்பதானால் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிக் கொடுங்கள். மணம் மாறியிருந்தால் சூடாக்கியும் பயனில்லை. சில பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது.

துடக்கும் பூஞ்சணமும்

இனி அந்த ஊறுகாய்ப் போத்தலுக்கு வருவோம். ஊறுகாயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும். யாராவது ஈரக் கரண்டியைப் போட்டால் அந்த இடத்தில் உப்பு ஐதாகும். காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் பங்கசு வித்திகளில் சில அங்கே விழுந்து முளைக்கும். அதுதான் பூஞ்சணம். கரண்டியைப் போட்டவர் ஆணா பெண்ணா, மாதவிடாய்க் காலத்தில் இருந்தாரா என்பது பங்கசுக்குத் தெரியாது. மாதவிடாயில் வெளியேறுவது சாதாரண இரத்தமும் கருப்பையின் உட்படையும்தான். ஊறுகாயைப் பழுதாக்கும் எதுவும் அதில் இல்லை.

துடக்கு என்ற எண்ணம் வேறொரு வழியில்தான் நோயைக் கொண்டுவருகிறது. மாதவிடாய்த் துணியை ஆண்களின் கண்ணில் படக்கூடாது என்று கட்டிலுக்குக் கீழேயும் கூரை இடுக்கிலும் ஒளித்துக் காயவிடுகிறோம். தறப்பாள் கொட்டில்களில் பத்துப் பேர் நெருங்கி வாழ்ந்த காலத்தில் அதற்கும் இடமில்லாமல், பாதி ஈரத்தோடு திரும்பப் பாவித்த சகோதரிகளை நான் அறிவேன். ஈரமான இருட்டு மூலை பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் விருப்பமான இடம். அரிப்பும் புண்ணும் வெள்ளைபடுதலும் வந்தபின், அதையும் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். துணியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நல்ல வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். கொடியில் அதன்மேல் மெல்லிய துணியொன்றைப் போட்டு மறைத்தாலும் பரவாயில்லை, ஈரம் போகவேண்டும். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வளர்ந்த மகள்மாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

வியன்னா நகரத்துத் தாய்மார்

பெண்மீது பழி போடுவது எங்கள் ஊரில் மட்டும் உள்ள வழக்கமல்ல. 1840களில் ஒஸ்ரியாவின் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவமாதுக்கள் பார்த்தார்கள். வைத்தியர்களின் விடுதியில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். மருத்துவமாதுக்களின் விடுதியில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான். இதை அறிந்த தாய்மார் முதலாம் விடுதியில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று அழுது மன்றாடினார்கள்.

காரணம் என்ன என்று பெரியவர்கள் ஆராய்ந்தார்கள். பெண்களின் பயம் என்றார்கள். ஆண்கள் பிரசவம் பார்ப்பதால் உண்டாகும் வெட்கம் என்றும் சொன்னார்கள். செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர்தான் வேறிடத்தில் தேடினார். மாணவர்கள் பிரேத அறையில் இறந்த உடல்களை வெட்டிப் பரிசோதித்துவிட்டு அதே கையோடு பிரசவ விடுதிக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1847இல், உள்ளே வரும் எல்லோரும் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். அடுத்த ஆண்டில் இறப்பு நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழே இறங்கியது.

நோய் வைத்தியர்களின் கையிலேயே இருந்தது. தாய்மாரின் பயம் காரணமல்ல. அவர்கள் பயந்ததுதான் சரி. அப்படியிருந்தும் செம்மல்வைஸ் சொன்னதைப் பல பெரிய வைத்தியர்கள் ஏற்க மறுத்தார்கள். தங்கள் கைகள் அசுத்தமானவை என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

கிணறும் மலசலகூடமும்

வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளில் பல, ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்குப் போகின்றன. கேட்க அருவருப்பாக இருந்தாலும் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். கையினாலும், இலையானாலும், தண்ணீராலும் அவை பயணம் செய்கின்றன. மலசலகூடம் போய்வந்த பின்னும், பிள்ளையைக் கழுவிய பின்னும், சமைக்க முன்னும், சாப்பிட முன்னும் சவர்க்காரம் போட்டு 20 செக்கனாவது கை கழுவுவது இந்தப் பயணத்தைத் தடுக்கும். 2020இல் கொரோனா வந்தபோது உலகமே இந்தப் பாடத்தைத் திரும்பப் படித்தது.

ஆனால் கை கழுவுவதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். அதில் வெடிப்புகளும் துவாரங்களும் அதிகம். மணலைப் போலத் தண்ணீரை அது வடிகட்டித் தராது. மலசலகூடக் குழியில் விழுவது கிணற்றை எட்டுவது அங்கே எளிது. இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்கான சர்வதேச நியமம், குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி தூரம் வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள நிலத்தில் இன்னும் கூட வேண்டும். இரண்டு பரப்புக் காணியில் இது எப்படி முடியும்? எங்கள் குழி எங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருந்தாலும், வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக் குழி பக்கத்திலேயே இருக்கும். எவ்வளவு துப்புரவான தாயாலும் தனியே இதைத் தீர்க்க முடியாது.

2009இல் வவுனியா மாவட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தபோது செங்கமாரியும் வயிற்றோட்டமும் பரவின. அங்கே இருந்த சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை: தண்ணீருக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள், மலசலகூடத்துக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியான இடத்தில் பிள்ளைக்கு நோய் வந்தால் அது தாயின் கவலையீனமா? இன்றும் சில சகோதரிகள், "நான் கவனமா இருந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும்" என்று மனதுக்குள் அழுவதை அறிவேன். ஒரு பௌசர் தண்ணீரை எத்தனை குடும்பத்துக்குப் பங்கிடுவது என்று தீர்மானித்தது நீங்களல்ல. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

இன்று நாங்கள் செய்யக்கூடியவை உண்டு. குடிதண்ணீரைக் கொப்புளித்துக் கொதிக்க வைத்து, அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விட்டு ஆறவிடுங்கள். விறகு தட்டுப்பாடென்றால், கீறலில்லாத, நிறமில்லாத பிளாஸ்ரிக் குடிதண்ணீர்ப் போத்தலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்க வைக்கலாம்; மப்பான நாட்களில் இரண்டு நாள் வைக்கவேண்டும். சூரிய ஒளியே கிருமிகளைக் கொல்லும்.

அகதி முகாமில் நிரூபணமான மருந்து

வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். இதற்கான மருந்தின் வரலாறு எங்களைப் போன்ற மக்களோடு சம்பந்தப்பட்டது. 1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். பொங்காவ் என்ற எல்லை ஊரில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துகொண்டிருந்தது. திலீப் மகலானபிஸ் என்ற வைத்தியர், குளுக்கோசும் உப்பும் அப்பச்சோடாவும் அளவாகக் கலந்த தண்ணீரைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளரின் உறவினரையே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே குறைந்தது.

தாதியும் ஊசியும் இல்லாத இடத்தில், தாயினதும் சகோதரியினதும் கை உயிரைக் காத்தது. அந்தக் கரைசல்தான் இன்று எங்கள் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் ஜீவனி. பொதியில் குறித்த அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். ஜீவனி கைவசம் இல்லையென்றால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தேக்கரண்டியால் மட்டமாக ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரையுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். பிள்ளை சோர்ந்து கண் உட்குழிந்தாலோ, சலம் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மண்ணில் வாழ்பவை

மீளக்குடியேறித் தோட்டம் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு விடயம். கச்சான், பயறு, உழுந்துச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறுசிறு கணுக்கள் இருக்கும். அவை நோயல்ல. அவற்றுள் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குப் பசளையாகக் கொடுக்கிறது. அறுவடை முடிந்ததும் வேரை மண்ணிலேயே விட்டால் அடுத்த பயிருக்கும் உதவும்.

அதே மண்ணில் ஏற்புவலிக் கிருமியும் வாழ்கிறது. மாட்டுச் சாணத்திலும் இருக்கும். காணி துப்புரவாக்கும்போது பழைய தகரமோ இரும்புத் துண்டோ வெட்டினால், "துரு விஷம்" என்று சொல்வோம். துருவில் விஷமில்லை, அதில் ஒட்டியுள்ள மண்ணில்தான் கிருமி இருக்கிறது. காயத்தை ஓடும் தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பிறந்த பிள்ளையின் தொப்புளில் சாம்பலோ சாணமோ எண்ணெயோ பூசவேண்டாம்.

இருமலும் ஒதுக்கி வைத்தலும்

காசநோயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அது விதியல்ல, சாபமல்ல, பரம்பரை நோயுமல்ல. ஒரு பற்றீரியா காற்றினால் பரவுகிறது. நெருக்கமான, காற்றோட்டமில்லாத இடத்தில் வாழ்ந்தவர்களையும் சரியான சாப்பாடில்லாமல் மெலிந்தவர்களையும் அது எளிதில் பிடிக்கும். போர் எங்களை அப்படியான இடங்களில்தான் வாழவைத்தது. கோப்பையைப் பிரித்து வைப்பதாலும் பாயைப் பிரித்து வைப்பதாலும் இந்த நோயைத் தடுக்க முடியாது. கோப்பை வழியாக அது பரவுவதில்லை. யன்னலைத் திறப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், மருந்தை ஒழுங்காக எடுப்பதும்தான் தடுக்கும்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் மருந்து எடுக்கவேண்டும். தொடங்கி இரண்டு கிழமையளவில் பெரும்பாலானோர் பிறருக்குத் தொற்றாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். சுகமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். மற்ற அன்ரிபயோரிக் மருந்துகளுக்கும் இதே கதைதான். வைத்தியர் சொன்ன நாள் முழுவதும் எடுங்கள். மிச்சக் குளிசையை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்காதீர்கள். வைரசினால் வரும் தடிமலுக்கு அது வேலை செய்யாது.

ஒன்றுசேர்ந்து செய்யக்கூடியது

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு மலேரியாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிருமியிலிருந்து இலங்கை விடுபட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. இரத்தப் பரிசோதனை, நுளம்பு ஒழிப்பு, இலவச மருந்து எல்லாம் சேர்ந்து, போர்க்காலத்திலும் விடாமல் நடந்ததன் பலன் அது. தனி ஒருவரின் துப்புரவினால் மட்டும் வந்ததல்ல.

ஆகவே அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு விடயத்தை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். உங்கள் கிராமத்தில் எத்தனை குடிதண்ணீர்க் கிணறுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மிகக் கிட்டிய மலசலகூடக் குழி எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்று அளந்து எழுதுங்கள். கயிறு ஒன்று போதும். அந்தப் பட்டியலோடு, தண்ணீரைப் பரிசோதித்துத் தரும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதி ஒன்றைப் பிரதேச சபைக்கும் கடிதம் கொடுங்கள். ஒருவர் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்பார்கள். நாற்பது பேர் கையொப்பமிட்டுக் கேட்டால் அப்படிச் சொல்வது கடினம்.

வாசிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வீட்டு ஆண்களும் கேட்கும்படி கொஞ்சம் உரத்தே வாசியுங்கள். கை கழுவ வேண்டியவர்கள் அவர்களும்தான்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.